ரிப்போர்ட்டில் ‘ஏடிப்பிக்கல்’ என்று இருந்தால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

போன ஆடி மாதம் அம்மாவின் கழுத்தில் ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தோம், தைராய்டில் கட்டி என்றார்கள், கட்டியில் மெல்லிய ஊசி குத்திச் செல்லை எடுத்துப் பார்க்கும் ஊசி டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதில் மூன்றாவது வரியில் இருந்த ஒரே ஒரு சொல்லால் எங்களுக்கு மூன்று வாரம் வீணாகப் போனது.

அந்தச் சொல் ‘ஏடிப்பிக்கல்’. ஆனால் லேபில் தட்டச்சு செய்தவர் முதல் எழுத்தான ‘ஏ’வுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார். ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் ‘வழக்கமான தோற்றத்தில் இல்லாதது’ என்று பொருள். பிரித்து எழுதினால் ‘வழக்கமான ஒன்று’ என்று பொருள். நேர் எதிர். தம்பி வாசித்துவிட்டு, “சாதாரண செல்தான்னு போட்டிருக்கான்க்கா” என்றான். நாங்களும் நிம்மதியாக ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டோம். தைராய்டு மாத்திரைக்காக மூன்று வாரம் கழித்துப் போனபோதுதான் டாக்டர் அதைப் பார்த்தார். “ஏம்மா இத்தனை நாள் விட்டீங்க?” என்று அவர் கேட்டபோது அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் லேப், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று அலைந்தோம். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. முதல் நாளே இவற்றை யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்போம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. வைத்தியம் என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் சரியான காகிதத்தோடு, சரியான நேரத்தில், சரியான கேள்வியோடு போய்ச் சேர்வதற்கு மட்டும் இது உதவும்.

1. அந்த வரியை நிதானமாக மூன்று முறை படியுங்கள்

முதல் முறை, இடைவெளியைப் பாருங்கள். ‘ஏ’ தனியாக நிற்கிறதா, சேர்ந்து நிற்கிறதா? தனியாக நின்றால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். லேபுக்குப் போன் செய்து, “இது ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?” என்று கேளுங்கள். தட்டச்சுப் பிழை என்றால், கையெழுத்துப் போட்ட பெத்தாலஜி டாக்டரிடமிருந்து (செல்லை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு எழுதுபவர்) திருத்திய ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள். பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பின்னால் காப்பீட்டுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ அந்தக் காகிதம் செல்லாமல் போகலாம்.

இரண்டாம் முறை, அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘நோ’ அல்லது ‘நெகட்டிவ் ஃபார்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஏடிப்பிக்கல் செல் எதுவும் காணப்படவில்லை’ என்று சொல்லும் நல்ல ரிப்போர்ட்டிலும் இதே சொல்தான் வரும். பதற்றத்தில் கண் நேராக அந்தச் சொல்லுக்குப் போய்விடும், முன்னால் இருக்கும் ‘நோ’ தெரியாது. அது முந்தைய வரியின் கடைசியில் மாட்டிக்கொண்டிருந்தால் சுத்தமாகத் தெரியாது.

மூன்றாம் முறை, கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ அல்லது ‘டயக்னோசிஸ்’ என்ற தலைப்புக்குக் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேலே இருப்பது நுண்ணோக்கியில் பார்த்ததன் விவரிப்பு. கீழே இருப்பதுதான் முடிவு. ‘ஏடிப்பியா’ என்று இருந்தாலும் இதே சொல்தான், பெயர்ச்சொல்லாக வந்திருக்கிறது.

2. அது எந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘ஏடிப்பிக்கல்’ ஒரு நோயின் பெயர் இல்லை. அது வெறும் பெயரடை. ‘கறுப்பு’ என்று மட்டும் சொன்னால் கறுப்பு மாடா, கறுப்புச் சட்டையா என்று தெரியாது இல்லையா, அப்படித்தான் இதுவும். பின்னால் வரும் பெயர் மாறினால் சேதியே மாறிவிடும். நான் இந்தச் சொல்லை மட்டும் தனியாக இணையத்தில் தேடினேன். புற்றுநோய்ப் பக்கங்களாக வந்து கொட்டின. அந்த இரவு நான் தூங்கவில்லை. நீங்கள் அப்படித் தேடாதீர்கள்.

காய்ச்சல் நேரத்து ரத்தப் பரிசோதனையில் ‘ஏடிப்பிக்கல் லிம்ஃபோசைட்’ என்று வந்தால், பெரும்பாலும் அவை வைரஸோடு சண்டை போடும் வெள்ளணுக்கள். டெங்கு வந்தவர்களுக்கு இது அடிக்கடி தென்படும், உடம்பு தேறியதும் மறையும். இதில் ஒரு நுணுக்கம். ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரமே சில நேரம் இந்தச் சொல்லைக் கேள்விக்குறியோடு அச்சடித்துத் தரும். அது இயந்திரத்தின் சந்தேகம் மட்டுமே. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி ஒரு மனிதர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது முடிவு. ‘பெரிஃபெரல் ஸ்மியர்’ பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். காய்ச்சல் விட்ட பின்னும் அது தொடர்ந்து வந்தால் டாக்டர் மேலே பார்ப்பார்.

‘ஏடிப்பிக்கல் நிமோனியா’ என்றால் நிமோனியாவை வழக்கமாக உண்டாக்கும் கிருமி இல்லாமல் மைக்கோபிளாஸ்மா, லெஜியோனெல்லா போன்ற வேறு கிருமி என்று பொருள். இதில் செல்லும் இல்லை, கட்டியும் இல்லை. மருந்துதான் மாறும்.

மனநல மருந்துச் சீட்டில் ‘ஏடிப்பிக்கல் ஆன்டிசைக்காட்டிக்’ என்று வந்தால் அது மருந்து வகையின் பெயர். ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் எல்லாம் இந்த வகை. பழைய மருந்துகளிலிருந்து வேறுபட்டுச் செயல்படுவதால் அந்தப் பெயர். பெயரைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்குக் கருப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் ‘ஏ.எஸ்.சி.’ என்று தொடங்கும் சுருக்கெழுத்து வரும். முதல் எழுத்து இதே சொல்தான். ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்றால் மாற்றம் இருக்கிறது, என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள். தொற்று, மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சி இவற்றாலும் இப்படி வரும். அடுத்ததாகப் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான பரிசோதனை சொல்வார்கள். கடைசியில் ‘யு.எஸ்.’ இல்லாமல் ‘எச்’ என்று இருந்தால் அதை இன்னும் அவசரமாகப் பார்க்க வேண்டும், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி சொல்வார்கள். கடைசி எழுத்தில்தான் வித்தியாசம்.

மார்பக பயாப்ஸியில், அதாவது சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் டெஸ்டில், ‘ஏடிப்பிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா’ (பால் குழாய்ச் செல்கள் கூடுதலாக வளர்வது) என்று வந்தால் அது புற்றுநோய் இல்லை, அலட்சியப்படுத்தக் கூடியதும் இல்லை. ஊசியில் வந்த துணுக்கில் இது தெரிந்தால், சுற்றியுள்ள பகுதியையும் அறுவைசிகிச்சையில் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கப்புறமும் வருடாவருடம் கண்காணிப்பு உண்டு.

எங்களுக்கு வந்தது தைராய்டு. அதில் ஊசி டெஸ்ட் முடிவை ‘பெத்தெஸ்டா’ என்ற முறைப்படி ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, போதிய செல் வரவில்லை. இரண்டு, சாதுவான கட்டி. ஆறு, புற்றுநோய். மூன்றாவது வகைதான் ‘ஏடிப்பியா’, அதாவது சாது என்றும் சொல்ல முடியவில்லை, சந்தேகம் என்றும் சொல்ல முடியவில்லை. நான்கிலிருந்து கவலை கூடும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால் லேபில் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தத் தைராய்டு டாக்டரும் முதலில் கேட்பது அதைத்தான்.

கவனம் வேண்டிய இடம் இன்னொன்று. பின்னால் வரும் பெயரே ஒரு கட்டியின் பெயராக இருந்தால், இந்தச் சொல் பல நேரம் அந்தக் கட்டியின் தரத்தைச் சொல்கிறது. ‘ஏடிப்பிக்கல் மெனிஞ்சியோமா’ என்றால் மூளை உறையில் வரும் கட்டியின் இரண்டாம் தரம். ‘ஏடிப்பிக்கல் கார்சினாய்டு’ என்றால் நுரையீரலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். இங்கே ‘வழக்கமானது இல்லை’ என்றால் வழக்கத்தைவிட வேகமாக வளரக்கூடியது என்று பொருள். தாமதிக்கக் கூடாது.

நெஞ்சுவலிக்கு இந்தச் சொல்லைப் போட்டிருந்தால் இன்னும் கவனம். ‘ஏடிப்பிக்கல் செஸ்ட் பெயின்’ என்பதை ‘இதயத்தால் வந்த வலி இல்லை’ என்று பலர் படித்துவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தால்தான் 2021-இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், நெஞ்சுவலியை விவரிக்க இந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டாம் என்றது. பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு வந்தால் மூச்சுத்திணறல், வியர்வை, தாடைவலி என்று வேறு மாதிரியும் காட்டும். பழைய சீட்டில் இருக்கும் இந்தச் சொல்லை நம்பி, புதிதாக வலி வரும்போது வாயு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. வீட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லால் சொல்வது?

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். ‘வித்தியாசமான’ என்று வந்தது. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். “வித்தியாசம்னா என்னடி, கெட்டதா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ‘அசாதாரணமான’ என்ற சொல் இன்னும் மோசம். அது ‘அப்நார்மல்’ என்பதற்கு நெருக்கமானது, கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ‘அபூர்வமான’ என்பதும் தப்பு. ஏடிப்பிக்கல் என்று எழுதுவது ரிப்போர்ட்டுகளில் அபூர்வமே இல்லை.

‘வழக்கமான தோற்றத்தில் இல்லை’ என்பதுதான் சரியாகப் பொருந்துகிறது. செல்லைப் பற்றியது என்றால் இன்னும் ஒரு துண்டு சேர்த்துச் சொல்லுங்கள்: “செல் வழக்கமான மாதிரி இல்லையாம், ஏன்னு இன்னும் தெரியலையாம், தெரிஞ்சுக்க இன்னொரு டெஸ்ட் இருக்காம்.” நான் இப்படிச் சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட உட்கார்ந்தார்.

4. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் காகிதங்களைச் சேருங்கள்

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: ரிப்போர்ட்டின் அசல், டெஸ்டுக்கு அனுப்பிய டாக்டரின் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி., ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், லேபில் பணம் கட்டிய ரசீது, ஆதார் நகல் இரண்டு. ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் பதிவு எண்ணை வைத்துத்தான் லேபில் உங்கள் ஸ்லைடை, அதாவது செல்லைத் தடவிய கண்ணாடித் துண்டை, தேடி எடுப்பார்கள். எங்களிடம் ரசீது இல்லை. ஒரு முழு நாள் அதற்கே போனது.

ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்துப் பார்த்த கேஸ் என்றால், மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும். நான் எழுதிப் போனவை: இது எந்த வகை? செல் போதிய அளவு வந்ததா? ஸ்கேனில் தெரிவதும் இந்த முடிவும் ஒத்துப்போகிறதா? அடுத்தது மறு ஊசியா, ஸ்லைடு மறுபார்வையா, அறுவைசிகிச்சையா, காத்திருப்பதா? எத்தனை நாளைக்குள்? ஸ்கேன் பற்றிய கேள்விதான் எங்களுக்கு அதிகம் உதவியது. ஸ்கேனில் கட்டியின் ஓரம், நிறம், உள்ளே புள்ளிகள் இவற்றை வைத்து ‘டைராட்ஸ்’ என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுப்பார்கள். எண் கூடினால் கவலை கூடும். ஊசியும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

5. ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குவது

இரண்டாம் கருத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு, ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவது. ரிப்போர்ட் ஒருவர் பார்த்து எழுதியது. இன்னொருவர் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால் அவரும் செல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணாடி ஸ்லைடு வேண்டும்.

ஊசி டெஸ்டுக்கும் பயாப்ஸிக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மறுபடி மெல்லியதாகச் சீவிப் புது ஸ்லைடு போட முடியும். அதற்கு ‘ரீகட்’ என்று பெயர். ஊசி டெஸ்டில் பெரும்பாலும் பிளாக் இருக்காது. ஊசியில் வந்த துளியைக் கண்ணாடியில் தடவியது மட்டுமே. அந்த ஸ்லைடு உடைந்தால் உடைந்ததுதான், வேறு பிரதி கிடையாது.

அதனால் ஸ்லைடு வாங்கும்போது லேபிலேயே பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டி கேளுங்கள். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நான் பெட்டியை ஒரு டவலில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனேன். பிளாக் என்றால் வெயில்தான் எதிரி, மெழுகு இளகிவிடும். சித்திரை வெயிலில் காரின் முன்பக்கத்திலோ, வண்டி சீட்டுக்கு அடியிலோ வைக்காதீர்கள். இரண்டுக்குமே, எத்தனை எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மேலும் என்ன எண் என்று எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஸ்லைடில் வைரப் பேனாவாலோ பென்சிலாலோ எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

லேபில் தயங்கினால் டாக்டரிடம் ‘மறுபார்வைக்கு ஸ்லைடு தேவை’ என்று ஒரு வரிக் கடிதம் வாங்கிப் போனால் வேலை எளிதாகும். திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். சில இடங்களில் முன்பணமும் கேட்பார்கள்.

6. எங்கே கொடுப்பது?

மாவட்டத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் பெத்தாலஜித் துறையில் முதலில் கேளுங்கள். நாங்கள் இதைக் கடைசியில்தான் யோசித்தோம். சென்னை அடையாறு புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்த வகை ஸ்லைடுகளைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். போகும் முன் போன் செய்து, நோயாளி நேரில் வர வேண்டுமா, ஸ்லைடை மட்டும் கொண்டுவந்தால் போதுமா, எந்தக் கிழமை வாங்குவார்கள் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் சனிக்கிழமை மதியம் போய் இறங்கினேன். திங்கள் காலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தனியார் லேப் என்றால் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றும், உங்கள் உறுப்புக்கான ஸ்லைடை அடிக்கடி பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

7. செலவு

ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கணக்கு இது: ஸ்கேன் 1,200 ரூபாய், முதல் ஊசி 1,000, ஸ்லைடு மறுபார்வை 1,000, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே போட்ட இரண்டாவது ஊசி 2,500, போக்குவரத்தும் தங்கலும் சேர்த்து 4,000-க்கு மேல். எந்த ஒரு டெஸ்டைவிடவும் அலைச்சலுக்குத்தான் அதிகம் போயிருக்கிறது. முதல் ஊசியையே ஸ்கேன் உதவியோடு போட்டிருந்தால் சரியான இடத்திலிருந்து செல் வர வாய்ப்பு கூடியிருக்கும். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

பயாப்ஸியில் சந்தேகம் இருந்தால் ‘ஐ.எச்.சி.’ என்ற சாயப் பரிசோதனை சொல்வார்கள். செல்லில் தேடும் ஒவ்வொரு புரதத்தையும் மார்க்கர் என்பார்கள், ஒரு மார்க்கருக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். எத்தனை மார்க்கர், மொத்தம் எவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கோப்பில் வையுங்கள். அறுவைசிகிச்சை வரை போனால் உதவும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் இப்போதே தயார் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுவது கொடுமை. தனியார் காப்பீட்டில் வெளிநோயாளி டெஸ்டுக்குப் பெரும்பாலும் பணம் வராது. ஆனால் படுக்கையில் சேர்வதற்கு முன் இத்தனை நாளுக்குள் எடுத்த டெஸ்ட் என்று ஒரு விதி பாலிசியில் இருக்கும். ரசீதுகளைத் தேதி வாரியாக வைத்திருங்கள்.

8. எத்தனை நாள் ஆகும்?

ஊசி டெஸ்ட் முடிவு பொதுவாக ஓரிரு நாளில் வரும். பயாப்ஸி மூன்று நாளிலிருந்து ஒரு வாரம். ஐ.எச்.சி. என்றால் அதற்கு மேல் இன்னும் சில நாள். ஸ்லைடு மறுபார்வை எங்களுக்கு நான்கு வேலை நாள் ஆனது. மறு ஊசியை உடனே போடலாமா, சில வாரம் விடலாமா என்பதில் டாக்டர்களுக்குள் வேறுபாடு உண்டு. முதல் ஊசிபட்ட இடம் ஆறும்போதும் செல் வழக்கத்துக்கு மாறாகத் தெரியலாம் என்பதால் சிலர் இடைவெளி விடுவார்கள். இது நோயாளியைக் கிடப்பில் போடுவது இல்லை. ஆனால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். தேதி கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அம்மாவுக்கு இரண்டாவது ஊசியில் பெத்தெஸ்டா இரண்டு என்று வந்தது. இந்த முறை ரிப்போர்ட்டை லேபிலேயே நின்று, ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் இடைவெளியைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் கொடுத்த ஸ்லைடுகளைக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கி வந்து, பழைய லேபில் ஒப்படைத்து, முன்பணத்தையும் வாங்கிவிட்டேன். நீங்களும் அதை மறந்துவிடாதீர்கள். அடுத்த ஸ்கேனில் ஏதாவது மாறியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஸ்லைடுகள் வேண்டும்.